மார்பில் பூசிய மருந்து

இதை எழுதும்போது என் பி.எஸ்.ஏ. எண் ஒன்றுக்குக் கீழே இருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறேன். காலை எட்டு மணிக்கு எஸ்டேட்டில் பேர் கூப்பிட நிற்கிறேன். ஏற்காட்டு மலையில் தலைச்சோலைக்குப் பக்கத்துக் காப்பி எஸ்டேட் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேலாக மேஸ்திரி. ஆட்களைப் பிரித்து அனுப்புவதும், யார் எந்த வரிசையில் நின்றார்கள், என்ன வேலை முடிந்தது என்று நோட்டில் எழுதுவதும் என் தொழில். எனக்கு நடந்ததையும் அப்படியே வரிசையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கூச்சமான இடங்களில் வரிசை கொஞ்சம் கோணலாகப் போகும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வியாதி மூத்திரத்தில் ஆரம்பித்தது. அரை மணிக்கு ஒரு தரம் காப்பிச் செடிகளுக்குள் போய் நிற்பேன். போன நேரத்துக்கு வேலை நடக்காது. மேஸ்திரி உள்ளே ஒளிந்து பீடி குடிக்கிறார் என்று ஆட்கள் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பீடிப் பழக்கமே கிடையாது. வயசானால் எல்லாருக்கும் வருவதுதான் என்று ஒரு வருடம் ஓட்டினேன். பிறகு ஒரு நாள் முழுசாக அடைத்துக்கொண்டது. எங்கள் பக்கத்துக்கு ஜீப் ஓட்டும் மணி, ஏற்காட்டில் ஏறவேண்டிய ஆட்களையெல்லாம் விட்டுவிட்டு என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவையும் இறக்கினான். ஒவ்வொரு வளைவிலும் நான் மணியையும் அவன் குலத்தையும் திட்டினேன். சேலம் ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு வடித்தபோது வந்த நிம்மதியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. டோக்கன் வாங்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, ஸ்கேனுக்கு ஒன்று. எல்லா வரிசையிலும் என் மனைவி சரஸ்வதி முதலில் போய் நின்றுகொண்டு, என் முறை வரும்போது கைகாட்டுவாள். அவளும் எஸ்டேட்டில்தான் வேலை; காப்பிப் பழம் பறிக்கும் நாளில் எடை போட நிற்பாளே, அதே நிற்பு. முன்னால் யாரும் நுழைய முடியாது.

ஆண்களுக்கு மூத்திரப்பைக்கு அடியில் நெல்லிக்காய் அளவில் புரோஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அறுபது வயது வரைக்கும் எனக்கு அது இருப்பதே தெரியாது. அதில் புற்று. ஊசியால் குத்திச் சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். பி.எஸ்.ஏ. என்பது அந்தச் சுரப்பியிலிருந்து ரத்தத்தில் கசிகிற ஒரு பொருள். புற்று பெருகினால் அந்த எண் ஏறும், அடங்கினால் இறங்கும். எனக்கு அறுபத்திரண்டு இருந்தது. இடுப்பெலும்பிலும் ஒரு புள்ளி தெரிந்தது. அதனால் அறுத்து எடுப்பதற்கு இல்லை, அடக்கி வைக்கத்தான் முடியும் என்றார்கள்.

சொன்னது ஒரு பெண் டாக்டர். என் மகள் கோமதி வயசுதான் இருக்கும். பயமுறுத்தாமல் பேசினார். இந்தப் புற்றுக்கு உடம்பில் ஊறுகிற ஆண் ஹார்மோன்தான் எரு, எருவை நிறுத்தினால் அது வாடும் என்றார். மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி, தினமும் ஒரு மாத்திரை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. எரு நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரியாதவன் தோட்டத்தில் இருக்க முடியுமா?

அதோடு நிறுத்தாமல் இன்னொன்றும் சொன்னார். உடம்பு திடீரென்று சுடும், வியர்க்கும், சிலருக்கு மார்பு பெண்களுக்கு மாதிரி வீங்கும். இப்போதே மார்பில் லேசாகக் கதிர்வீச்சு வைத்துக்கொண்டால் வீக்கம் குறைவாக இருக்கும், வைத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். வியாதி கீழே இருக்க மேலே எதற்கு வைத்தியம் என்று நினைத்து வேண்டாம் என்றேன். அவர் கேட்ட கேள்விகளில் யோசிக்காமல் பதில் சொன்னது அது ஒன்றுக்குத்தான்.

ஆறு மாதத்தில் எண் ஒன்றரைக்கு இறங்கியது. மருந்து அதன் வேலையைச் செய்தது. மார்பும் வளர்ந்தது. முதலில் காம்புக்கு அடியில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி, பிறகு இரண்டு பக்கமும் சதை. பார்வைக்கு அசிங்கம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், வலிதான் ஆளை வாட்டியது. சட்டை உரசினால் வலி. ஜீப் ஒரு கல்லில் ஏறி இறங்கினால் இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொள்வேன். மூடுபனிக் காலத்தில் நனைந்த சட்டை உடம்போடு ஒட்டும்போது, குனிந்து நோட்டு எழுதுகிற மாதிரியே நடந்தேன். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லயத்தின் குழாயடியில் குளிப்பதை நிறுத்தினேன். மாரியம்மன் பண்டிகைக்குச் சட்டையில்லாமல் சாமி தூக்குகிற ஆட்களில் நானும் ஒருவன். இடுப்பு வலி என்று சொல்லி ஒதுங்கினேன். டாக்டரிடமும் சொல்லவில்லை. எண் இறங்கியிருக்கிறது, வேறு ஏதாவது தொந்தரவா என்று கேட்டபோது ஒன்றுமில்லை என்று சட்டைப் பொத்தானைச் சரி பார்த்துக்கொண்டேன். அறுபது வயதுக் கிழவன் மகள் வயசுப் பெண்ணிடம் மார்பைத் திறந்து காட்டி இது வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது?

சரஸ்வதியிடம் மறைக்க முடியாது. ஒரே அறை, ஒரே விளக்கு. ஒரு நாள் நான் பனியன் மாற்றும்போது பார்த்துவிட்டாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கிட்ட வந்து விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, கல்லாட்டம் இருக்குது என்று மட்டும் சொன்னாள்.

அன்றிலிருந்து பூச்சு வைத்தியம் ஆரம்பித்தது. முதலில் மூட்டு வலித் தைலம். காம்பில் பட்டதும் மிளகாயை அரைத்து அப்பியது போல எரிந்தது, தண்ணீரைத் தேடி ஓடினேன். அடுத்தது சரஸ்வதியின் சொந்த யோசனை. எங்களிடம் ஒரு மாடு உண்டு. அதற்கு மடி வீங்கினால் சோற்றுக் கற்றாழை, மஞ்சள், கொஞ்சம் சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து ஒரு நாளைக்குப் பல தரம் தடவுவாள், இரண்டு மூன்று நாளில் வீக்கம் வடியும். கால்நடை டாக்டரே சொல்லிக்கொடுத்த மருந்து அது. எனக்கும் அரைத்துக்கொண்டு வந்து நின்றாள். நான் முறைத்தேன்.

"ஏனுங்க, மாட்டு மடிக்கு ஆவறது மனுசனுக்கு ஆவாதுங்களா?" என்றாள்.

நியாயமான கேள்விதான். நான்கு நாள் தடவினோம். வீக்கம் வடியவில்லை. சுண்ணாம்பு தோலை மட்டும் உரித்துவிட்டது, மஞ்சள் கறை சட்டையில் ஏறி, மேஸ்திரிக்கு மறுபடியும் நலங்கு வைத்தார்களா என்று களை எடுக்கும் பெண்கள் கேட்டார்கள். பிறகு மணியின் செல்போனில் பார்த்து, ஆண்களுக்கு மார்புச் சதை கரைக்கிற கிரீம் என்று ஒன்றை வரவழைத்தேன். புதினா வாசனை நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

நாலாவதுதான் ஜெல். அதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. முழுக்க என் மூளையில் முளைத்தது. அந்த யோசனை வந்த வழியைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் என்னை முழு மூடன் என்று நினைத்துவிடுவீர்கள்.

காப்பிச் செடிக்குத் தண்டுத் துளைப்பான் என்று ஒரு வண்டு எமன். பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும், புழு உள்ளே குடைந்துகொண்டு போகும், செடி செத்துவிடும். அதற்கு வருடா வருடம் தண்டைச் சாக்கால் தேய்த்து வழவழப்பாக்கி மருந்து பூசுவோம். பூசிய மருந்து பட்டையோடு நிற்கும். வேருக்குப் போகாது, பழத்துக்கும் ஏறாது. எருவை வேரில் போட்டால் செடி முழுக்கப் போகும், தண்டில் பூசினால் தண்டுக்கு மட்டும்தான். இது நான் வேலைக்கு வந்த முதல் வருடத்திலேயே படித்த பாடம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஆண் ஹார்மோன் இல்லாததால் மார்பு வளர்கிறது. அந்த ஹார்மோனை வாய் வழியாகக் கொடுத்தால் புற்றுக்குப் போகும். மார்பில் மட்டும் பூசினால்? மார்போடு நிற்கும், வீக்கம் வடியும், கீழே இருக்கிற புற்றுக்குச் சேதியே தெரியாது. இதை நானாகவே கண்டுபிடித்தேன் என்று எனக்கு ஒரு பெருமை கூட இருந்தது.

ஏற்காட்டுக் கடைகளில் என்னைத் தெரியும். அதனால் அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, தெரியாத மெடிக்கலில் கேட்டேன். புற்று என்று சொல்லவில்லை. ஆண் ஹார்மோன் குறைவு, பூசுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்றேன். கடைக்காரர் டாக்டர் சீட்டு கேட்டார், வீட்டில் இருக்கிறது என்றேன். என் நரைத்த தலையைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். சின்னச் சின்னப் பாக்கெட், ஒரு நாளைக்கு ஒன்று. பெட்டிக்குள் மடித்து வைத்த காகிதம் ஒன்று இருந்தது. பூச்சி மருந்து டப்பாவில் ஒட்டியிருப்பதை வரி விடாமல் படித்து ஆட்களுக்குச் சொல்கிறவன் நான். அந்தக் காகிதத்தைப் படிக்கவில்லை. பஸ் ஏறியதும் பெட்டியையும் காகிதத்தையும் ஜன்னல் வழியாக மலைச்சரிவில் எறிந்தேன். யாராவது பார்த்தால் மேஸ்திரிக்கு இந்த வயசில் ஆசையைப் பார் என்பார்கள். அந்தப் பயம் புற்றுப் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

சரஸ்வதியிடம் வீக்கத்துக்கு ஜெல் என்று மட்டும் சொன்னேன். நானே பூசப் பார்த்தேன், என் உள்ளங்கை அரம் மாதிரி, பட்டாலே உயிர் போனது. தவிர அந்த இடத்தைத் தொடவே எனக்குப் பிடிக்கவில்லை. அவள் தினமும் காலையில் அடுப்புப் பற்ற வைத்ததும் கூப்பிடுவாள். நான் சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவேன். வலிக்காமல், அவசரப்படாமல், ஜெல் காயும்வரைக்கும் தேய்த்துவிடுவாள். பேசிக்கொள்ள மாட்டோம். கல்யாணமான நாளிலிருந்து என்னை யாரும் அவ்வளவு பதமாகத் தொட்டதில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்காகவே காலையை எதிர்பார்க்க ஆரம்பித்தேன். இதை அவளிடம் நான் சொன்னதில்லை.

வலி குறைந்தது போல இருந்தது. வீக்கம் அப்படியேதான் இருந்தது, ஆனால் திடீரென்று வந்து நனைக்கிற வியர்வை நின்றது. மேடு ஏறும்போது மூச்சு வாங்கவில்லை. பசித்தது. மருந்து பிடித்துக்கொண்டது என்று சந்தோஷப்பட்டேன். தீர்ந்தால் அடிவாரம் போய் வாங்கி வருவேன். எட்டு மாதம்.

அந்த எட்டு மாதத்தில் சரஸ்வதிக்குத் தொண்டை கட்டியது. மழை, பனி, அதனால் என்று இருந்தோம். கட்டியது விடவே இல்லை. முதுகு காட்டிக்கொண்டு பேசினால் நான் பேசுவது போல இருந்தது. மேஸ்திரி வந்துட்டாருன்னு பயந்துட்டோம் என்று கூட வேலை செய்கிற பெண்கள் கேலி செய்தார்கள். ஐம்பத்தாறு வயதில் முகத்தில் பருப் பருவாக வந்தது. தாடையில் முடி முளைத்தது. கண்ணாடியை ஜன்னலில் சாய்த்து வைத்துப் பிடுங்கிக்கொண்டிருப்பாள், நான் உள்ளே வந்தால் கண்ணாடியைக் கவிழ்த்துவிடுவாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் கோமதி போன் பண்ணும்போதெல்லாம், தொண்டை சரியில்லை நீங்களே பேசுங்க என்று என்னிடம் தள்ளிவிடுவாள். எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் மார்பைத் தவிர வேறு எதைப் பற்றியும் யோசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை.

அடுத்த பரிசோதனையில் எண் நாலு. அதற்கடுத்த தரம் பதினொன்று. டாக்டர் முகத்தில் முதல் தடவையாக ஒரு யோசனை தெரிந்தது. ரத்தத்தில் ஆண் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். ஊசி போட்டுக்கொள்கிறவனுக்கு அது இருக்கிற இடம் தெரியாமல் கிடக்க வேண்டும். எனக்கு வாலிபனுக்கு இருக்கிற அளவு இருந்தது. ஊசியைத் தவறவிட்டீர்களா என்று கேட்டு, அட்டையை வாங்கித் தேதிகளைச் சரிபார்த்தார். ஒன்றும் தவறவில்லை. வேறு மருந்து, லேகியம், பவுடர், தைலம் ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா என்றும் கேட்டார்.

இல்லை என்றேன்.

பொய் சொல்கிறோம் என்று அப்போதே தெரிந்ததா என்று என்னை நானே பல தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்த நொடி தெரியவில்லை, ஆனால் ஊருக்கு ஏறுகிற பஸ்ஸில் தெரிந்துவிட்டது. உடம்பு காப்பிச் செடி இல்லை. தோலில் பூசியது ரத்தத்தில் போயிருக்கிறது. புற்றுக்கு எரு நிறுத்த டாக்டர் ஊசி போட, நான் தினமும் காலையில் மனைவி கையாலேயே எரு வைத்திருக்கிறேன். அன்றோடு ஜெல்லை நிறுத்தினேன். மிச்சம் இருந்த பாக்கெட்டுகளைக் குழி தோண்டிப் புதைத்தேன். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று சரஸ்வதி கேட்டதற்கு, போதும் என்றேன். இனி எண் தானாக இறங்கிவிடும், யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

டாக்டர் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஊசி என் உடம்பில் வேலை செய்யவில்லை என்று அவர் முடிவுக்கு வந்திருந்தார். அவர் கையில் இருந்த தாள்களின்படி அது சரியான முடிவுதான். போன் பண்ணி வரச்சொல்லி, இனி ஹார்மோன் ஊறுகிற இடத்தையே எடுத்துவிடலாம் என்றார். இரண்டு விதைகளையும் எடுக்கிற ஆபரேஷன். சின்ன ஆபரேஷன், ஒரே தரத்தோடு ஊசித் தொல்லை முடிந்தது என்றார். எங்கள் பக்கத்தில் மாட்டுக்குச் செய்தால் அதற்குக் காயடிப்பது என்று பெயர்.

இப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆண் ஹார்மோன் பூசினேன் என்று சொன்னால், ஏன் என்று கேட்பார்கள், மார்புக்கு என்றால் சட்டையைக் கழற்று என்பார்கள். கூட நிற்கிற நர்சுகள், படிக்க வந்த பிள்ளைகள், எல்லாரும் பார்ப்பார்கள். அந்த ஒரு வெட்கத்துக்குப் பயந்து, வெட்டுங்கள் என்று கையெழுத்துப் போட்டேன். இதை எழுதும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஆனால் கையெழுத்து என்னுடையதுதான்.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்னால் வார்டில் சேர்த்தார்கள். ஆண்கள் வார்டு, ஜன்னல் ஓரக் கட்டில். காப்பீட்டு அட்டை இருந்ததால் பணத்துக்குக் கவலை இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் தூரத்தில் எங்கள் மலை தெரியும், மத்தியானம் வெயிலில் மறைந்துவிடும். பக்கத்துக் கட்டிலில் வாழப்பாடிக்காரர், அதே ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு எனக்குத் தைரியம் சொன்னார்: "ஒன்னுமில்லீங்க, ரெண்டு நாளைக்குக் கால அகட்டி வெச்சு நடக்கோணும், அவ்வளவுதான். இனிமே அதை வெச்சுக்கிட்டு நாம என்னத்தைப் பண்ணப் போறமுங்க?"

அவருக்குத் தேவை இருந்தது, எடுத்தார்கள். எனக்குத் தேவையில்லை என்பது அந்த வார்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். கோமதி கிளம்பி வருகிறேன் என்றாள், வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அவள் நான்கு தடித்த பனியனைப் பொட்டலம் கட்டி அனுப்பினாள். அப்பாவுக்கு மெல்லிசுத் துணி ஆவதில்லை என்று அம்மா எப்போதோ சொன்னாளாம். ஏன் என்று அவள் கேட்கவே இல்லை.

மறுநாள் காலை டாக்டர் வந்தார். கூட நாலைந்து பேர். கேட்டதற்கெல்லாம் நான் தலையை மட்டும் ஆட்டினேன். காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டபோது சரஸ்வதி பதில் சொன்னாள், ரெண்டு இட்லிங்க, அதும் பாதி வெச்சிட்டாருங்க என்று. டாக்டர் என் நாடியைப் பிடித்திருந்தவர், கையை விடாமலேயே திரும்பி அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அவளிடம் போனார்.

"அம்மா, குரல் எப்பவுமே இப்படித்தானா?"

"இல்லீங்க. பனிக்குக் கட்டிக்கிச்சுங்க. நொம்ப நாளாச்சு, விடவே மாட்டீங்குது."

டாக்டர் அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். சரஸ்வதி முந்தானையை எடுத்துத் தாடையை மூடிக்கொண்டாள். டாக்டர் முந்தானையை மெதுவாக விலக்கினார். நான் அப்போதுதான் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

"நீங்க ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?"

"நானுங்களா? நான் ஒன்னுமே சாப்பிடறதில்லீங்க. இவருக்குத் தடவி உட்டேன், அத்தோட சரி."

"என்ன தடவினீங்க?"

சரஸ்வதி என்னைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. எட்டு மாதம் எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவள், டாக்டர் கேட்டும் என் உத்தரவுக்கு நின்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து சட்டையைக் கழற்றினேன். ஆண்கள் வார்டு முழுக்கப் பார்த்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. வாழப்பாடிக்காரர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜெல்லின் பெயரைச் சொன்னேன். கடை, எட்டு மாதம், தண்டுத் துளைப்பான், எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வியை அவளைப் பார்த்துக் கேட்டார், கையுறை போட்டுக்கொண்டா தடவினீர்கள் என்று.

"கையுறைங்களா? அது செடிக்கு மருந்து பூசறப்பங்க, எஸ்டேட்ல குடுப்பாங்க. ஊட்டுக்காரருக்குத் தடவ எதுக்குங்க கையுறை?"

படிக்க வந்த பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் எழுதவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகச் சொன்னார். அந்த ஜெல் தோல் வழியாக ரத்தத்தில் சேருவதற்காகவே செய்யப்பட்டது. பூசப்படுகிறவருக்குச் சேருவது போலவே, வெறும் கையால் பூசிவிடுகிறவருக்கும் சேரும். பூசிய இடத்தோடு ஒட்டிப் படுக்கிற குழந்தைக்குக்கூடச் சேரும். அதற்குள் போட்டிருக்கும் காகிதத்தில் முதலில் எழுதியிருப்பதே இந்த இரண்டும்தான்: புரோஸ்டேட் புற்று உள்ளவர் தொடக்கூடாது, பெண்கள் தொடக்கூடாது.

இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். சரஸ்வதியின் ரத்தத்தில் அந்த வயசுப் பெண்ணுக்கு இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தது. நான் நிறுத்திச் சில நாள் ஆகியும் அவ்வளவு. அவளுக்கு வேறு கோளாறு எதுவும் இல்லையா என்றும் ஸ்கேன் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். அந்த அறைக்கு வெளியே இந்தத் தடவை நான் வரிசையில் நின்றேன். எனக்கு ஊசி குத்திச் சதை எடுத்த நாளில்கூட அவ்வளவு பயப்படவில்லை.

ஆபரேஷனை ரத்து செய்தார்கள். ஊசியைத் தொடர்ந்து, ஆறு வாரம் கழித்துப் பார்த்தார்கள். ஹார்மோன் தரைக்கு வந்துவிட்டது. பி.எஸ்.ஏ. பதினொன்றிலிருந்து மூன்று, பிறகு ஒன்று, இப்போது அதற்கும் கீழே. வியர்வையும் களைப்பும் திரும்பி வந்துவிட்டன, வரட்டும். மார்பைப் பற்றியும் ஒளிவில்லாமல் கேட்டேன். இதற்கென்று நம்பிக் கொடுக்கக்கூடிய பூச்சு மருந்து இன்றைக்கு அவர் கையில் எதுவும் இல்லையாம். சிலவற்றை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், ஆனால் கடையில் வாங்கிப் பூசிக்கொள்ளும் அளவுக்கு ஒன்றும் வரவில்லை. முன்னாலேயே கதிர் வைப்பது ஒரு வழி, நான் விட்டுவிட்டேன். மாத்திரை ஒன்று இருக்கிறது, பெண்களுக்கு மார்புப் புற்றுக்குக் கொடுப்பது. அது வலிக்கும் வீக்கத்துக்கும் ஆரம்பத்திலேயே கொடுத்தால் நன்றாகக் கேட்கும். முற்றிய சதையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எனக்கு மாத்திரையில் வலி போய்விட்டது. சதை கொஞ்சம் குறைந்து நின்றுவிட்டது. கோமதி அனுப்பிய பனியனுக்குள் அடங்கிவிடுகிறது. முதல் மாதமே வாயைத் திறந்திருந்தால் இது கூட இருந்திருக்காது. இந்த ஊசி போட்டுக்கொண்டு சட்டைக்குள் கையைக் கட்டிக்கொண்டு நடக்கிற ஆட்கள் இன்னும் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டாக்டரிடம் சட்டையைக் கழற்றுங்கள். ஒரு நிமிடம் கூசும், அவ்வளவுதான்.

சரஸ்வதிக்குப் பருவெல்லாம் போய்விட்டது. தாடை முடி மெலிந்துவிட்டது. குரலைப் பற்றி டாக்டர் மழுப்பவில்லை. தொண்டைக்குள் இருக்கும் குரல் நாண் அந்த ஹார்மோனில் தடித்துப் போனால் பெரும்பாலும் பழையபடி ஆவதில்லை என்றார். சரஸ்வதி கேட்டுக்கொண்டு, சரிங்க என்றாள். வெளியே வந்து பஸ்ஸில் உட்கார்ந்ததும் நான் மன்னிப்புக் கேட்டேன். வாழ்நாளில் முதல் தடவை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வளைவெல்லாம் ஏறி முடிகிறவரைக்கும் வெளியையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோமதியிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. என் எண் இறங்கியதைச் சொன்னேன், ஆபரேஷன் தேவைப்படவில்லை என்றேன், ஜெல்லைப் பற்றிப் பேச்சை எடுக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். போன் உள்ளே அடித்தது. கோமதி போன் என்றால் வழக்கமாகச் சரஸ்வதி என்னைக் கூப்பிடுவாள். அன்றைக்கு அவளே எடுத்து, எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டு, அலோ என்றாள்.

"அப்பா, அம்மாகிட்டக் குடுங்க" என்றாள் கோமதி.

நான் மிளகை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போனேன். சரஸ்வதி போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"அம்மாதாஞ் சாமி பேசறேன்."

என்னம்மா குரலுக்கு, சளியா, டாக்டரைப் பார்த்தாயா என்று கோமதி பதறினாள்.

"சளியெல்லாம் இல்ல கண்ணு. உங்கப்பாவுக்கு மருந்து தடவுனேன், அதுல இப்படி ஆயிருச்சு. இனி இப்படித்தான் இருக்கும், பழகிக்க" என்றாள் சரஸ்வதி. சொல்லிவிட்டு, பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்டாள்.